தையல் நாடாவும் மரம் அறுக்கும் வாளும்

2017 நவம்பர் 30-ஆம் தேதியைக் கன்னியாகுமரி மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். அன்று ஒக்கி புயல் கடலில் மீனவர் பலரைக் காவு கொண்டது. கரையிலோ ரப்பர், தென்னை, பலா என்று பாராமல் மரங்களை மூடோடு சாய்த்தது. வழியை அடைத்துக் கிடந்த மரங்களைத் துண்டு போட்டு அகற்றக் கைகொடுத்தது சங்கிலி வாள் - அதாவது, மரம் அறுக்கும் மெஷின்.

"அதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறீர்களா? நாளைக்கே உங்கள் வீட்டுப் பலா சாய்ந்தால் ஆள் அழைக்கப் போவது நீங்கள்தானே! "எவ்வளவு தண்டி மரம், அம்மா?" என்று அவர் கேட்பார். "ரொம்பப் பெரிசு, பெரிய மெஷினாகவே கொண்டு வாங்க, அண்ணே" என்று சொல்லிவிடாதீர்கள்.

தையல் பெட்டியிலிருந்து நாடாவை எடுங்கள். அறுக்க வேண்டிய இடத்தில் மரத்தைச் சுற்றி அளந்து மூன்றால் வகுத்தால் அதன் குறுக்களவு. அதோடு இரண்டு அங்குலம் கூட்டினால் வேண்டிய 'பார்' நீளம் வந்துவிடும். பார் என்பது சங்கிலி சுற்றி ஓடும் தட்டையான பட்டை. சுற்றளவு 48 அங்குலமானால் குறுக்களவு 16. பார் 18 அங்குலம் போதும். நாடா எட்டவில்லையா? கயிற்றைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். மின்கம்பி மேல் சாய்ந்த மரத்தை மட்டும் நெருங்கவே கூடாது. மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

முருங்கை, கொய்யாக் கிளைகளைக் கழிக்க 10 அல்லது 12 அங்குலம். விறகு துண்டு போட 14. தென்னை, ரப்பர் அடிமரத்துக்கு 16 முதல் 18. பெருத்த பலாவுக்கு 20. பழம்பெரும் புளி, அயினி என்றால் 24-ம் அதற்கு மேலும்.

நீளம் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். அதுதான் தப்பு! சிறிய எஞ்சினில் நீண்ட பாரை மாட்டினால் சங்கிலி திணறும். பாரம் தாங்காமல் கை சோரும். நுனி எங்கே இருக்கிறதென்றும் கண்ணுக்குத் தெரியாது. ஓடுகிற நுனியின் மேற்பகுதி இன்னொரு கிளையில் பட்டதோ, இமைப்பொழுதில் வாள் அறுப்பவரின் முகத்தை நோக்கி எகிறும்! புயலில் பின்னிக் கிடக்கும் கிளைகளுக்கு நடுவே இந்த ஆபத்து இன்னும் அதிகம். பார் சற்றுக் குட்டையானாலும், தேர்ந்த கை இரண்டு பக்கமிருந்தும் அறுத்து வேலையை முடித்துவிடும், அவசரப்படுத்தாதீர்கள்.

அளவெடுக்காமல் ரவிக்கைத் துணியில் கத்தரி வைப்பீர்களா? மரத்துக்கும் அதே நியாயந்தான். ரவிக்கை கெட்டால் துணியோடு போயிற்று. இங்கே ஓர் ஆளின் உயிரல்லவா ஊசலாடுகிறது! அந்த அண்ணன் பொழுது சாய முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டும். வாசலைப் பார்த்தபடி அங்கேயும் ஒருத்தி காத்திருப்பாள்.