புள்ளியில்லாக் கல்வெட்டும் நிரல் வரியும்: தமிழ் எழுத்துருக்களில் வடிவ மயக்கம்

திருவரங்கம் அரங்கநாதர் கோயிற் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதியாக வெளிவந்துள்ளன. அவற்றுள் தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்ப்புள்ளி பெரும்பாலும் இடப்பெறுவதில்லை. எகர ஏகாரங்கள் ஒரே வடிவில் நிற்கும். ரகரமும் காலும் மயங்கும். பயின்றவர் சூழலைக் கொண்டே சொல்லைத் துணிகிறார். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் (1680–1747) ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் வகுத்தபோது, வாசிப்பவரின் ஊகத்தின் மேலிருந்த சுமையை எழுத்தின் மேல் ஏற்றினார்.

கணினி நிரலில் அச்சுமை மீண்டும் வாசிப்பவரிடமே வந்து சேர்கிறது. பைத்தான் 3 மொழியில் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் இடலாம். ஒரு வரியில் 'கௌரி' என்றும் பிறிதொரு வரியில் 'கெளரி' என்றும் தட்டச்சிட்டால் கணினிக்கு அவை இருவேறு பெயர்கள். முன்னது ககரமும் ஔகாரக் குறியும். பின்னதில் எகரக் குறியை அடுத்துத் தனி ளகரம் வருகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் வேறுபடுவதே இல்லை. தமிழ் எண் ௧, ககரம். எண் ௮, அகரம் ஆகியவையும் இத்தகையனவே. டிஸ்லெக்ஸியா உடையவர் இவ்விடத்தில் தம் கண்ணையே ஐயுறுவார்; பிழையோ எழுத்துருவில் உள்ளது.

இத்தகையோருக்கென 2011இல் வெளியான ஓப்பன்டிஸ்லெக்ஸிக், இலத்தீன் எழுத்துகளின் அடிப்பகுதியைத் தடிப்பாக்கியது. இடவலமாகவும் தலைகீழாகவும் புரளும் எழுத்திணைகளை நோக்கிய ஏற்பாடு அது. தமிழின் இடர் வேறு. மூன்று சுழி ணகரம், இரண்டு சுழி னகரம் என்று சுழியை எண்ணுவதும், ரகரத்தின் சாய்ந்த காலைக் காண்பதுமே இங்குத் தேவை. 'ரி', 'ர்' ஆகியவற்றில் பல அச்சுருக்கள் அச்சாய்வையும் விட்டுவிடுகின்றன. ஆகவே அம்முறையைத் தமிழுக்கு அப்படியே பெயர்ப்பதில் பயன் குறைவு.

லூஸ் ரெயோ, பயேசா-யேட்ஸ் ஆகியோர் 2013இல் டிஸ்லெக்ஸியா உடைய 48 பேரிடம் 12 எழுத்துருக்களைச் சோதித்தனர். சாய்வெழுத்து வாசிப்பைத் தாழ்த்தியது. சம அகல எழுத்துரு உதவியது. ஓப்பன்டிஸ்லெக்ஸிக் வாசிப்பை விரைவுபடுத்தவில்லை. ஆய்வு ஸ்பானிய மொழியில் நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது. சம அகலம் தமிழுக்கு எளிதில் பொருந்துவதும் அன்று: டகரத்துக்குரிய கட்டத்தில் ணகரத்தை அடைத்தால் சுழிகள் நெருங்கி, எண்ணவேண்டிய இடமே மங்கும். தமிழ் நிரல் எழுத்துருவுக்கு ஒற்றைக் கட்டம், இரட்டைக் கட்டம் என ஈரகலம் வகுப்பதே தக்கது. ஔகாரக் குறியின் ளகர வடிவைச் சிறிதாக்குவதும், ரகரத்தின் சாய்வை எல்லா இடத்தும் காப்பதும் உடன் செய்யத்தக்கவை.

நிரல் திருத்திகளில் பயனர் தேர்ந்த எழுத்துரு பெரும்பாலும் இலத்தீனுக்கு உரியது. அதில் தமிழ் வடிவம் இல்லாதவிடத்து இயங்குதளமே வேறொன்றை எடுத்து இடுகிறது. குறிப்புரைகளைச் சாய்த்துக் காட்டும் வண்ண அமைப்பாயின் அத்தமிழும் சாய்க்கப்படுகிறது.