விளக்கு எரிகிறது, கார் கிளம்பவில்லை: பேட்டரிக்கு வயதாகிவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாணவர்களே, இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். தீபாவளிக்கு முதல் நாள். தாத்தா பாட்டி வீட்டுக்குப் புறப்பட எல்லாரும் காரில் ஏறியாயிற்று. அப்பா சாவியைத் திருப்புகிறார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் திருப்புகிறார். மறுபடியும் அதே 'டக்'. ஆனால் முன்விளக்கு எரிகிறது, வானொலி பாடுகிறது, ஹாரனும் அடிக்கிறது. "எல்லாம் வேலை செய்யுதே, அப்புறம் எப்படி பேட்டரி கெட்டுப் போயிருக்கும்?" என்று அம்மா கேட்கிறார்.

நியாயமான கேள்வி. இதற்கு விடை தெரிந்தால், பேட்டரி நம்மை நடுவழியில் கைவிடுவதற்கு முன்பே மாற்றிவிடலாம். நன்றாக இருக்கும் பேட்டரியைத் தூக்கிப் போட்டுச் சில நூறு ரிங்கிட்டை வீணாக்குவதையும் தவிர்க்கலாம்.

பெட்டிக்குள் ஆறு மின்கலங்கள்

பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஈய-அமில பேட்டரி. இந்த வகையை 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியலாளர் கஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். 160 ஆண்டுகளுக்கும் மேலாகியும் அதன் அடிப்படை வேதியியல் மாறவில்லை.

பெட்டிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும் ஒரு தனி மின்கலம். ஆறும் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் மொத்தம் 12.6 வோல்ட் கிடைக்கிறது. ஒவ்வோர் அறையிலும் இரண்டு வகைத் தகடுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. எதிர்முனைத் தகட்டில் ஈயம், நேர்முனைத் தகட்டில் ஈய டைஆக்சைடு. இரண்டும் நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன.

மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளின் மேற்பரப்பிலும் ஈய சல்பேட்டு படிகிறது. அமிலத்தின் செறிவு குறைகிறது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் மின்சாரத்தை எதிர்த்திசையில் செலுத்தி இந்த வேதிவினையைத் திருப்பிவிடுகிறது. சல்பேட்டு கரைந்து மீண்டும் அமிலத்தில் சேர்கிறது. இதைத்தான் மின்னேற்றம் என்கிறோம்.

பேட்டரியின் மிகக் கடினமான வேலை என்ஜினைக் கிளப்பும் அந்த ஓரிரு விநாடிதான். சிறிய பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரே 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். சாதாரண ஹாலஜன் முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து கேட்பது ஏறக்குறைய 10 ஆம்பியர்தான். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதுமை எப்படி வருகிறது?

பேட்டரிக்குள் மூன்று மாற்றங்கள் மெல்ல நடக்கின்றன. முதலாவது, நேர்முனைத் தகட்டைத் தாங்கி நிற்கும் ஈயச் சட்டம் அரிக்கப்படுகிறது. இரண்டாவது, தகட்டில் பூசப்பட்ட வேதிப்பொருள் சிறிது சிறிதாக உதிர்ந்து அடியில் தங்குகிறது. மூன்றாவது, மின்னேற்றம் குறைந்த நிலையிலேயே கார் நாள்கணக்கில் நின்றால், ஈய சல்பேட்டு பெரிய படிகங்களாக இறுகிவிடுகிறது. அப்படி இறுகியதை ஆல்டர்னேட்டரால் எளிதில் கரைக்க முடியாது. பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஐந்து நிமிடம் ஓடும் கார்களில் இந்தச் சிக்கல் அதிகம். என்ஜினைக் கிளப்பச் செலவான மின்சாரம் முழுதாகத் திரும்பி வருவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது.

இவற்றில் அரிப்பை விரைவுபடுத்துவது வெப்பம். படிவம் 4 வேதியியலில் வினை வேகத்தைப் படித்திருப்பீர்கள். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் பல வினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். நம் ஊர் வெயிலில், நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் காரின் பானெட்டுக்குள் வெப்பம் 50 பாகையைத் தாண்டுவது சாதாரணம். அரிப்பு மட்டுமா, அமிலத்திலுள்ள நீரும் குறைகிறது. அதனால்தான் குளிர்நாடுகளில் நான்கைந்து ஆண்டு உழைக்கும் பேட்டரி, மலேசியாவில் பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டிலேயே தளர்ந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். குளிர்நாடுகளில் பனிக்காலம் பேட்டரிக்கு ஒரு தேர்வு வைக்கிறது. குளிரில் என்ஜின் எண்ணெய் கெட்டியாகிறது, பேட்டரியின் வேதிவினையும் மந்தமாகிறது. பலவீனமான பேட்டரி அப்போது அகப்பட்டுக்கொள்ளும். நமக்கு ஆண்டு முழுவதும் ஒரே வெப்பம். என்ஜினும் எளிதாகக் கிளம்பிவிடும். ஆகவே இங்கே பேட்டரி கடைசி நாள்வரை நல்லபிள்ளை போல் நடித்துவிட்டு, திடீரென்று படுத்துவிடுகிறது. தேர்வை நாம்தான் வைக்க வேண்டும்.

மீட்டர் சொல்லும் பாதி உண்மை

பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறோம். 12.6 வோல்ட் காட்டுகிறது. பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யலாமா? கூடாது.

ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் ஒரு மின்தடை ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் அகத்தடை. படிவம் 5 இயற்பியலில் வரும் சூத்திரம் இது: முனை மின்னழுத்தம் = மின்னியக்கு விசை − (மின்னோட்டம் × அகத்தடை). தகடுகள் அரித்து, உதிர்ந்து, சல்பேட்டு இறுகும்போது அகத்தடை ஏறிக்கொண்டே போகும். அதுதான் பேட்டரியின் உண்மையான முதுமை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதிய பேட்டரியின் அகத்தடை 0.01 ஓம் என்றும், பழையதன் அகத்தடை 0.03 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் மின்னியக்கு விசை 12.6 வோல்ட்.

மல்டிமீட்டர் கேட்கும் மின்னோட்டம் ஏறக்குறைய சுழியம். எனவே இரண்டு பேட்டரியும் 12.6 வோல்ட் காட்டும்.

முன்விளக்கு கேட்பது 10 ஆம்பியர். புதிய பேட்டரி 12.5 வோல்ட் தரும், பழையது 12.3 வோல்ட் தரும். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது.

ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் கேட்கிறது என்று கொள்வோம். புதிய பேட்டரியில் 1.5 வோல்ட் இறங்கி 11.1 வோல்ட் மிஞ்சும். பழையதில் 4.5 வோல்ட் இறங்கி 8.1 வோல்ட்தான் மிஞ்சும். இதை வைத்து என்ஜினைச் சுழற்றுவது கடினம்.

அம்மாவின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, இல்லையா? தொட்டி நிறைய நீர் இருந்தும், குழாய்க்குள் துரு அடைத்திருந்தால் எப்படி? ஒரு குவளை பிடிக்கலாம். தீயணைக்க முடியாது.

சில பேட்டரிகளின் மேல் பச்சை நிறக் 'கண்' ஒன்று இருக்கும். அதுவும் பாதி உண்மைதான் சொல்லும். ஆறு அறைகளில் ஒரே ஓர் அறையின் அமிலச் செறிவை மட்டுமே அது காட்டுகிறது. மற்ற ஐந்தில் ஒன்று பழுதானாலும் கண் பச்சையாகவே இருக்கும்.

வீட்டில் செய்து பார்க்க மூன்று அளவீடுகள்

மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும். பெரியவர் ஒருவர் உடன் இருக்கும்போது மட்டுமே செய்யுங்கள். காரை நியூட்ரல் அல்லது பார்க்கிங் நிலையில் வைத்து, கைபிரேக்கைப் போட்டிருக்க வேண்டும்.

ஒன்று: ஓய்வு அளவீடு. இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் கிளப்புவதற்கு முன் அளவிடுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு மின்னேற்றம். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு.

இரண்டு: கிளப்பும்போது அளவீடு. ஒருவர் காரைக் கிளப்ப, மற்றொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். எண் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது எச்சரிக்கை.

மூன்று: ஓடும்போது அளவீடு. என்ஜின் ஓடுகையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். பசியால் சோர்ந்தவரும் முதுமையால் தளர்ந்தவரும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருப்பார்கள். முதலில் சாப்பாடு போட்டுப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். பேட்டரியும் அப்படியே. ஓய்வு அளவீடு 12.4-க்குக் கீழே இருந்தால் உடனே பழி சொல்லாதீர்கள். சார்ஜரில் முழுதாக மின்னேற்றம் செய்துவிட்டு மறுபடி சோதியுங்கள். முழு மின்னேற்றத்துக்குப் பிறகும் கிளப்பும்போது 9.6-க்குக் கீழே விழுந்தாலோ, ஓரிரு நாள் சும்மா நின்றதிலேயே மின்னேற்றம் வடிந்துவிட்டாலோ பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

ஆனால் அதற்கு முன் வேறு மூன்று குற்றவாளிகளையும் விசாரித்துவிட வேண்டும். மூன்றாவது அளவீடு 13 வோல்ட்டைக்கூட எட்டவில்லை என்றால் கோளாறு ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கக்கூடும். புதிய பேட்டரி போட்டாலும் சில நாளில் அதுவும் படுத்துவிடும். முனைகளில் வெள்ளை அல்லது பச்சை நிறப் பொடி படிந்திருந்தாலோ, இணைப்பு தளர்ந்திருந்தாலோ அந்த இடத்திலேயே மின்தடை கூடிவிடும். சுத்தம் செய்து இறுக்கினால் போதும். கார் நிற்கும்போதும் மின்சாரம் உறிஞ்சும் டேஷ்கேம் போன்ற கருவிகளைக் கழற்றி வைத்துப் பாருங்கள்.

எப்போது மாற்றலாம்?

பேட்டரி பொருத்திய தேதி உத்தரவாத அட்டையில் இருக்கும். இரண்டு ஆண்டு கடந்துவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த அளவீடுகளை எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஓர் எண்ணைவிட, எண்கள் போகும் போக்குதான் முக்கியம். கிளப்பும் அளவீடு 10.8, 10.5, 10.0 என்று இறங்கிக்கொண்டே வந்தால், அடுத்த நெடும்பயணத்துக்கு முன் பட்டறையில் காட்டிவிடுவது நல்லது. அங்கே பேட்டரியின் அகத்தடையை மதிப்பிடும் கருவி இருக்கும். என்ஜின் சுழலும் சத்தம் இழுத்து இழுத்து வருவதும் ஓர் அறிகுறி. பெட்டியின் பக்கங்கள் உப்பியிருந்தாலோ, அமிலம் கசிந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ அளந்து பார்க்க வேண்டாம். தொடாமல் விலகி, பட்டறைக்காரரை அழையுங்கள்.

பாதுகாப்பு முக்கியம். மின்னேற்றத்தின்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரலாம். ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். மோதிரம், வளையல் போன்றவற்றைக் கழற்றிவிடுங்கள். இரண்டு முனைகளையும் எந்த உலோகமும் ஒன்றாகத் தொடக்கூடாது. என்ஜின் ஓடும்போது கையையும் மீட்டரின் கம்பிகளையும் பெல்ட், காற்றாடியிடமிருந்து தள்ளி வையுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டும் வேலை உங்களுக்கு உரியதல்ல.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடவே கூடாது. ஈயம் நச்சுப்பொருள், குறிப்பாகச் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகள் இதை அட்டவணையிடப்பட்ட கழிவு என வகைப்படுத்தியுள்ளன. அதே ஈயத்தை உருக்கிப் புதிய தகடுகளாக வார்க்க முடியும். எனவே புதியதை வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான கடைகள் விலையில் கொஞ்சம் கழித்தும் கொடுக்கும்.

சிந்தித்துப் பாருங்கள்

கார் 'அ': ஓய்வில் 12.6, கிளப்பும்போது 8.7, ஓடும்போது 14.2 வோல்ட்.
கார் 'ஆ': ஓய்வில் 12.0, கிளப்பும்போது 9.8, ஓடும்போது 12.0 வோல்ட்.

இரண்டு கார்களில் எதற்குப் புதிய பேட்டரி தேவைப்படலாம்? மற்றொன்றில் முதலில் எதைச் சோதிக்க வேண்டும்? காரணத்துடன் எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.