கேஸ்கெட்டைத் தின்னும் போர் தண்ணீர்

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட, வண்டியைக் கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தால் தீர்ப்பு தயாராக இருக்கும்: "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார், ஹெட்டை இறக்கணும்." பல நேரம் அது சரிதான். ஆனால் தெர்மோஸ்டாட் திறக்காவிட்டாலும், ரேடியேட்டர் ஃபேன் சுற்றாவிட்டாலும் அதே முள் அதே இடத்துக்குத்தான் போகும்.

சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை, கீழே சொட்டாமலே குறையும் கூலன்ட், பால் கலந்த டீயைப் போலக் கலங்கிய ஆயில் எல்லாம் வலுவான அறிகுறிகள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் ஒட்டியிருக்கும் வெண்பசையை நம்பி ஹெட்டைக் கழற்றக் கூடாது. தினமும் கடைத்தெரு வரை மட்டும் போய்வரும் வண்டியில், மழைக்காலத்து ஈரமே அதை உண்டாக்கிவிடும்.

சந்தேகத்தைத் தீர்க்கச் சோதனைகள் இருக்கின்றன. ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் நிரப்பிய குழாயை வைத்து இன்ஜினை ஓடவிட வேண்டும். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால், பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாகும். கம்ப்ரஷன் பார்க்கும்போது பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் ஒருசேரக் குறைந்தால், நடுவே கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றினால் ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்றும் பார்க்கலாம்.

இவை எல்லாம் 'ஆம்' என்றாலும், உடைந்தது கேஸ்கெட்டா, ஹெட்டா, பிளாக்கா என்பது ஹெட்டைக் கழற்றிய பிறகே உறுதியாகும். இங்கேதான் அவசரம் காசைத் தின்கிறது. புது கேஸ்கெட்டை மட்டும் போட்டு மூடினால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே அதே கோளாறு திரும்பி வரும். வார்ப்பிரும்பு பிளாக்கில் காந்தத் தூளும், அலுமினிய ஹெட்டில் சாயமும் விரிசலைக் காட்டிக்கொடுக்கும். ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்புப் பட்டையும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்க வேண்டும். பல கார் இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு கூடாது.

கேஸ்கெட் ஏன் போனது என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வண்டி சூடாகும்போது அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. அலுமினிய ஹெட்டுக்கும் வார்ப்பிரும்பு பிளாக்குக்கும் நடுவில் நின்று அந்த இழுபறியைத் தாங்குவது கேஸ்கெட். இன்ஜினுக்குள் ஓடுவது போர் தண்ணீர் என்றால் நிலைமை இன்னும் மோசம். வீட்டு ஹீட்டர் காயிலில் படியும் அதே உப்பு, இன்ஜினுக்குள் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டில் படிந்து, சூடு வெளியேறுவதைத் தடுக்கிறது. துருவைத் தடுக்கும் மருந்தும் அந்தத் தண்ணீரில் இல்லை. தண்ணீரே போதும், பழைய இரும்பு இன்ஜின்கள் அதில்தானே ஓடின என்று சொல்லும் மூத்த மெக்கானிக்குகளும் உண்டு. இன்றைய அலுமினிய ஹெட்டுகளுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

இதைவிடக் கொடுமை, கொதிக்கும் இன்ஜினில் குடத்துத் தண்ணீரை ஊற்றுவது. ஒரு பக்கம் சட்டெனச் சுருங்க, நல்ல பிளாக்கும் விரிசல் விடலாம். ரேடியேட்டர் மூடியைத் திறந்தவர் முகமும் வெந்துபோகும். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, முழுதாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.

ஹெட் மேஜையில் கிடக்கும்போது, தண்ணீர் ஓடும் துளைகளைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைப் பொருக்கோ துருவோ தெரிந்தால், ரேடியேட்டரையும் சுத்தம் செய்து, கம்பெனி சொன்ன கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து நிரப்பிய பிறகே வண்டியை எடுங்கள்.