வேன் பிடிக்காமல் ஒரு குடும்பச் சுற்றுலா: மட்டக்களப்பிலிருந்து சில யோசனைகள்

பெருநாளின் இரண்டாம் மூன்றாம் நாள் சுபஹுக்குப் பிறகு காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ ஓட்டமாவடியிலோ பிரதான வீதிக்கு வந்து நின்று பாருங்கள். வேன்கள் வரிசையாகப் போகும். கூரையில் சட்டி, பானை, பாய். உள்ளே பத்துப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து பேர். மூன்று நாட்களில் நுவரெலியா, கண்டி, எல்ல எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். இதைத்தான் நாம் சுற்றுலா என்கிறோம்.

இந்தப் பயணத்தில் யாருக்கு ஓய்வு கிடைக்கிறது என்று ஒரு தடவை கணக்குப் பாருங்கள். உம்மா வீட்டில் சமைத்ததைத் தெருவோரத்தில் சமைக்கிறார். பிள்ளைகள் வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். சாரதி இரண்டு இரவுகள் சரியாகத் தூங்கவில்லை. வாப்பா வேன் காசுக்கு யாரிடமோ கைமாற்று வாங்கியிருக்கிறார், அல்லது வீட்டிலுள்ள ஒரு காப்பு வங்கிக்குப் போயிருக்கிறது. செலவு எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை. கல்லடியிலிருந்து நுவரெலியா, கண்டி போய் வர எத்தனை கிலோமீற்றர் என்று பார்த்து, உங்கள் ஊரில் கிலோமீற்றருக்கு என்ன ஹயர் கேட்கிறார்களோ அதனால் பெருக்குங்கள். சாரதியின் சாப்பாட்டையும் இரவுக் கொடுப்பனவையும் சேருங்கள். வரும் தொகையில் ஒரு குடும்பம் இரண்டு தடவை ரயிலிலும் பஸ்ஸிலும் போய், நல்ல அறையில் தங்கி வரலாம்.

இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. வேன் பிடிக்க வசதியில்லாத வீடுகள் எங்குமே போவதில்லை. மட்டக்களப்பு ரயில் நிலையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீற்றருக்குள் பிறந்து வளர்ந்து, பத்தாம் வகுப்பு வரை ஒரு தடவைகூட ரயிலில் ஏறாத பிள்ளைகளை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன். 1928ஆம் ஆண்டிலேயே நம் ஊருக்கு ரயில் வந்துவிட்டது. நம் மூத்தவர்கள் அதைக் கோச்சி என்று சொல்லி, கோச்சியேறித்தான் நாட்டைப் பார்த்தார்கள். நாம்தான் அதைக் கொழும்புக்கு வைத்தியத்துக்கும் வெளிநாட்டு அலுவலுக்கும் போகும் வாகனமாகச் சுருக்கிவிட்டோம்.

பிரித்தானியாவில் குடியேறிய நம்மவர்களிடம் விசாரித்தால் அங்கே இது வேறு மாதிரி நடப்பது தெரியும். லண்டனுக்கு வெளியே விடுமுறைக்குப் போகும் பல குடும்பங்கள் கார் வைத்திருந்தும் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போகின்றன. வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் விண்டர்மியர் என்று ஒரு சிற்றூர். 1847இல் அங்கே ரயில் வந்தது. வரக்கூடாது என்று கவிஞர் வேர்ட்ஸ்வர்த்தே எதிர்த்து எழுதினார் என்பது வேறு கதை. இன்றைக்கு அந்த நிலையத்தில் இறங்கி, அந்த ஊரிலேயே அறை எடுத்து, 555ஆம் இலக்க பஸ்ஸில் ஏரிக்கு ஏரி போய்ப் பார்த்துவிட்டு மாலையில் அதே அறைக்குத் திரும்பிவிடலாம். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து போனால் ரயில் கட்டணத்தைக் குறைக்கும் குடும்ப அட்டை ஒன்று இருக்கிறது. பெரியவருக்கு மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைக்கு நூற்றுக்கு அறுபதும் கழியும். இங்கிலாந்தின் பெரும்பாலான உள்ளூர் பஸ்களில் ஒரு வழிப் பயணத்துக்கு மூன்று பவுணுக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2025இல் வரம்பு வைத்தார்கள்.

கட்டணச் சலுகையை விட அவர்கள் போகும் முறைதான் எனக்குப் பிடித்தது. ஐந்து ஊரை ஓடி ஓடிப் பார்ப்பதில்லை. ஒரே ஊரில் தங்கி, அங்கிருந்து சுற்றுகிறார்கள். வாகனம் இல்லாத பயணத்துக்கு இந்த ஒரு விதி போதும். பெட்டி படுக்கையோடு தினம் ஒரு ஊருக்கு மாறினால் பஸ்ஸும் ரயிலும் தண்டனையாகிவிடும். ஒரே இடத்தில் பெட்டியை வைத்துவிட்டால் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு போய் வரலாம்.

நம் நாட்டில் அப்படித் தங்க ஏற்ற ஊர் எது என்று கேட்டால் நான் பண்டாரவளையைச் சொல்வேன். எல்ல என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் எல்லவில் அறை விலையும் சாப்பாட்டு விலையும் வெளிநாட்டவருக்கென்று வைத்தவை. பண்டாரவளை சாதாரணமான சந்தை நகரம். பள்ளிவாசல் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, முஸ்லிம் கடைகள் இருக்கின்றன, தமிழ் பேசினால் விளங்கிக்கொள்ளப் பலர் இருக்கிறார்கள்.

அங்கே போக ரயிலைத் தேடாதீர்கள். மட்டக்களப்பிலிருந்து மலைநாட்டுக்கு ரயிலில் போவதென்றால் பொல்கஹவெல வரை போய்த் திரும்ப வேண்டும். மூக்கைச் சுற்றித் தொடுகிற வேலை அது. மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் பதுளை பஸ்ஸில் ஏறுங்கள். செங்கலடியில் திரும்பி, கரடியனாறு, மஹஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் போகும். செங்கலடியிலிருந்து பதுளை வரை ஏறக்குறைய 150 கிலோமீற்றர். சவூதி அபிவிருத்தி நிதியத்தின் கடனுதவியும் சேர்ந்து புனரமைக்கப்பட்ட வீதி இது. பிபிலை வரை பாதை இலகு. லுணுகலைக்குப் பிறகு வளைவுகள். வாந்தி எடுக்கும் பிள்ளையை முன்பக்க ஆசனத்தில் வைத்து, வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்காமல் கூட்டிப் போக வேண்டும்.

பதுளையில் இறங்கினால் அங்கிருந்து ரயில். 1924இல் போட்டு முடித்த மலைப்பாதையின் கடைசி நிலையம் அதுதான். ஹாலிஎல, தெமோதர, எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை, ஹப்புத்தளை என்று வரிசையாக ஏறிப் போகிறது. தெமோதரையில் ரயில் நிலையத்துக்குக் கீழேயுள்ள சுரங்கத்துக்குள் புகுந்து, மலையைச் சுற்றி வந்து, மேலேயுள்ள அதே நிலையத்தில் நிற்கும். பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே ஒரு தாளில் வரைந்து காட்டிவிட்டுக் கூட்டிப் போங்கள். ஜன்னலை விட்டு அசைய மாட்டார்கள். தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையில்தான் அந்த ஒன்பது வளைவுப் பாலமும் வருகிறது.

கண்டியிலிருந்து எல்லவுக்கு வரும் ரயிலின் முன்பதிவு ஆசனங்கள் கிடைக்காது என்பது நாடறிந்த விஷயம். இணையத்தில் திறந்த சில வினாடிகளிலேயே அவை விற்றுத் தீர்ந்துபோனது பற்றி 2025 ஜனவரியில் குற்றப் புலனாய்வு விசாரணையே நடந்தது. ஆனால் பதுளைப் பக்கமிருந்து ஏறி இரண்டு மூன்று நிலையங்கள் போக அந்த முன்பதிவு தேவையில்லை. கவுண்டரில் அன்றைக்கே மூன்றாம் வகுப்புச் சீட்டு எடுக்கலாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரைச்சீட்டு, மூன்று வயதுக்குட்பட்டால் சீட்டே இல்லை. பதுளை தொடக்க நிலையம் என்பதால் கொஞ்சம் முந்திப் போனால் ஜன்னல் ஆசனமும் கிடைக்கும்.

பண்டாரவளையில் மூன்று இரவுகள் போதும். ஒரு நாள் ரயிலில் ஹப்புத்தளை போய், அங்கிருந்து தம்பதென்ன தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். தோட்டத் தொழிலாளர்களும் பாடசாலைப் பிள்ளைகளும் போகும் பஸ் அது. தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை அந்தப் பாதையின் முடிவில் இருக்கிறது. அதற்கு மேலே லிப்டன் ஆசனம் என்ற மலையுச்சி. ஏறுவதற்குத் தூரம் கூட, அதனால் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மேலே போக மட்டும் ஆட்டோ பிடியுங்கள். வாகனமே தொடக்கூடாது என்று யாரும் நோன்பு வைக்கச் சொல்லவில்லை. இன்னொரு நாள் எல்ல. மூன்றாம் நாள் ஒன்றும் செய்யாதீர்கள். சந்தையைச் சுற்றுங்கள், தூங்குங்கள். அந்த நாளுக்காகத்தான் இவ்வளவும்.

மலைப்பாதைக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் அந்தத் தண்டவாளத்தைப் பல இடங்களில் உடைத்தது. அது இல்லாத காலத்திலும் மழை பலத்தால் மண்சரிவால் ரயில் நிற்பது வழக்கம். புறப்படுவதற்கு முதல் நாள் பதுளை நிலையத்துக்கு அழைத்து, எதிலிருந்து எது வரை ஓடுகிறது என்று கேளுங்கள். ரயில் இல்லையென்றாலும் பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை மூன்றுக்கும் இடையில் பஸ்கள் ஓடும்.

பஸ் என்றால் பாதுகாப்பா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2021 மார்ச்சில் இதே பசறையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்தது. 2023 ஜூலையில் மன்னம்பிட்டியில் பாலத்திலிருந்து பஸ் ஆற்றில் விழுந்தபோது நம் பகுதி வீடுகளிலும் ஜனாஸா எழுந்தது. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரவு ஓட்டத்தையும் தூங்காத சாரதியையும்தான் நான் முதலில் அஞ்சுவேன். நாம் பெருநாளுக்குப் பிடிக்கும் வேனில் இந்த இரண்டும் எப்போதும் இருக்கின்றன. ஆகவே பகல் பஸ்ஸில் மட்டும் போங்கள். ரயில் இருக்கும் இடத்தில் ரயிலில் போங்கள்.

ரயிலிலேயே போகக்கூடியது என்றால் பொலன்னறுவை. மட்டக்களப்பிலிருந்து நேர்ப்பாதை, மாற வேண்டியதில்லை. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பொலன்னறுவை ரயில் நிலையம் பழைய நகரத்தில் இல்லை, கதுருவெலவில் இருக்கிறது. நமக்கு அது நல்லதுதான். கதுருவெலவில் பள்ளிவாசலும் நம் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. ளுஹரைத் தொழுது, சாப்பிட்டு, உள்ளூர் பஸ்ஸில் நாலு கிலோமீற்றர் போனால் பழைய நகரம். அங்கே வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். இடிபாடுகள் மரநிழலில் பரந்து கிடப்பதால் சைக்கிள்தான் பொருத்தம். சைக்கிளில் பாடசாலை போன பெண்கள் நிறைந்த ஊர்கள் நம்முடையவை, உம்மாமார் கூச்சப்பட ஒன்றுமில்லை. வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் பராக்கிரமபாகுவைப் படிக்கும் பிள்ளை பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டில் ஒரு மாலை நின்றால், நான் ஒரு தவணை முழுக்கச் சொல்லிக் கொடுப்பதை விடக் கூடுதலாகப் புரிந்துகொள்ளும். பொலன்னறுவையையும் தாண்டிப் போகிறவர்கள், கல்லோயாச் சந்தியை நெருங்கும் பகுதியில் ரயில் மெதுவாகப் போனால் எரிச்சல்பட வேண்டாம். 2025 பெப்ரவரியில் நம் மட்டக்களப்பு ரயில் மோதி ஆறு யானைகள் செத்தது அந்தப் பக்கத்தில்தான்.

திருகோணமலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரயிலில் போனால் கல்லோயாவில் மாற வேண்டும், பஸ்தான் வசதி. ஒரு காலத்தில் தோணிப்பாலங்களில் காத்துக் காத்துப் போன வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழி இப்போது முழுவதும் பாலங்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. வழியில் மூதூரும் கிண்ணியாவும் இருப்பதால் தொழுகைக்கோ சாப்பாட்டுக்கோ கவலையில்லை. ஆனால் காலம் பார்த்துப் போங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை அந்தக் கடல் அமைதி. டிசம்பர் விடுமுறையில் நிலாவெளிக்குப் பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிப் போவது சரியில்லை, வடகீழ்ப் பருவமழைக் கடல் அது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை நோன்பில் வந்துவிடுவதால் நமக்குக் கிடைப்பது துண்டு துண்டான நாட்கள். அவற்றில் ஒகஸ்ட்டைக் கடலுக்கு வையுங்கள்.

அரச உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆண்டுக்கு மூன்று விடுமுறை ரயில் வாரண்ட் நமக்கு உரித்து. துணைக்கும் தங்கி வாழும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். கொழும்பு, கண்டிப் பக்கத்து ஆசிரியர்கள் இதை விடுவதில்லை. நம் பக்கத்தில் பாதிப் பேர் விண்ணப்பிப்பதே இல்லை. அலுவலகத்தில் எழுதி வாங்கி, நிலையக் கவுண்டரில் கொடுத்துச் சீட்டாக மாற்றினால் பொலன்னறுவையும் போகலாம், மாஹோவில் மாறி அநுராதபுரமோ யாழ்ப்பாணமோகூடப் போகலாம். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆசிரியர்கள் ‘எங்களுக்குத் தண்டவாளமே இல்லையே’ என்பார்கள். நியாயம்தான். மட்டக்களப்புக்குத் தெற்கே ரயில் வேண்டும் என்ற கோரிக்கைக்கு வயதாகிவிட்டது. அதுவரை கல்லடிப் பாலத்தைத் தாண்டி வருவதைத் தவிர வழியில்லை.

2019க்குப் பிறகு நம் குடும்பங்கள் தெரியாத ஊரில் அறை எடுக்கவும், ஹபாயாவோடு தெரியாத கூட்டத்தில் உட்காரவும் தயங்கின. வேனின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முஸ்லிம் ஊரில் புறப்பட்டு முஸ்லிம் கடையில் நிறுத்தித் திரும்பி வருவது பாதுகாப்பாகத் தோன்றியது. அந்தத் தயக்கத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் எதிரே இருக்கும் சிங்கள அம்மா நம் பிள்ளைக்குக் கொய்யாப்பழம் நீட்டுவதும், நம் உம்மா அவருக்கு வட்டிலப்பத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பதும் வேனுக்குள் நடக்காது. என் கணக்கில் மிச்சமாகும் காசை விட இதுதான் பெரிது.

இனிச் சில்லறை விஷயங்கள். ஆளுக்கு ஒரு பை, தோளில் தூக்கக்கூடியது. சட்டி பானை வேண்டாம். முதல் நாளைக்கு மட்டும் கட்டுச்சோறு. அறை பதிவு செய்யும்போது பஸ் நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்றும், சுடுதண்ணீர் உண்டா என்றும் கேளுங்கள், மலைநாட்டில் அது முக்கியம். பஸ் நம் தொழுகை நேரம் பார்த்து நிற்காது. பயணிக்குள்ள ஜம்உ, கஸ்ர் சலுகையின் விவரத்தைப் புறப்படும் முன் உங்கள் பள்ளி மௌலவியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடக்க முடியாத மூத்தவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் முதல் தடவை பொலன்னறுவை போன்ற கிட்டிய இடத்தில் ஓர் இரவு மட்டும் தங்கிப் பழகுங்கள். திரும்பி வரும் நாளையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஞாயிறு மாலை பஸ்ஸில் நிற்கக்கூட இடமிருக்காது. சனிக்கிழமை காலை ஏறினால் அஸருக்கு முன் கல்லடிக்கு வந்துவிடலாம், ஞாயிறு வீட்டில் உடுப்புத் துவைக்கவும் ஒரு நாள் கிடைக்கும்.