ஒரு துளி மருந்தின் விலை

எந்த நோய்க்கும் இறைவன் மருந்தை வைத்திருக்கிறான் என்பது எமது நம்பிக்கை. ஆயினும் மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பின்பும் அதை வாங்க வழியின்றித் தவிக்கும் குடும்பங்கள் உலகெங்கும் உள்ளன. குறிப்பாக, உயிரியல் தொழினுட்பத்தால் உருவாகும் புதிய மருந்துகள் சாதாரண மக்களுக்கு எட்டாத விலையில் விற்கப்படுகின்றன. இதற்குக் காரணம் என்ன?

முதலில் இம்மருந்துகளின் தன்மையை அறிந்துகொள்வோம். பரசிற்றமோல் ஒரு சிறிய மூலக்கூறு. அதில் இருப்பவை 20 அணுக்களே. இரசாயனப் பொருட்களைக் கொண்டு அதை இலகுவாகத் தயாரிக்கலாம். உயிரியல் மருந்துகள் அவ்வாறானவை அல்ல. உயிருள்ள கலத்தினுள் உரிய பரம்பரையலகைச் செலுத்தி, அக்கலத்தைக் கொண்டே மருந்தாகும் புரதத்தை உற்பத்தி செய்ய வேண்டும். முன்னர் பன்றி, மாடு ஆகியவற்றின் சதையியிலிருந்து பெறப்பட்ட இன்சுலின், 1978இல் பற்றீரியாவின் உதவியுடன் மனித இன்சுலினாகவே உருவாக்கப்பட்டது. 1982இல் ஐக்கிய அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. முஸ்லிம் நோயாளர்களுக்கு இது பெரும் ஆறுதலாக அமைந்தது.

மார்பகப் புற்றுநோயின் ஒரு வகைக்கு வழங்கப்படும் டிரஸ்டுசுமாப் என்ற மருந்து, ஹம்ஸ்டர் என்னும் சிறு விலங்கின் கலங்களில் உற்பத்தி செய்யப்படுகிறது. அதன் மூலக்கூறு பரசிற்றமோலை விட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பாரமானது. கலங்கள் வளரும்போது வெப்பநிலையோ தூய்மையோ சற்றுப் பிசகினால் முழுத் தொகுதியையும் வீச நேரிடும்.

ஆனால் உற்பத்தியை விடப் பெரிய செலவு தோல்விகளால் ஏற்படுகிறது. ஆய்வுகூடச் சோதனைகளைத் தாண்டிய மருந்து, மனிதரில் மூன்று கட்டங்களாகப் பரிசோதிக்கப்படும். முதலில் சில பத்துப் பேர், அடுத்து சில நூறு பேர், இறுதியில் ஆயிரக்கணக்கானோர். இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் செல்லலாம். மனிதப் பரிசோதனைக்கு வரும் மருந்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றே அனுமதி பெறுகிறது. தோற்றுப்போன ஒன்பதின் செலவையும் வென்ற ஒன்றே சுமக்கிறது.

மொத்தச் செலவு எவ்வளவு? மருந்துக் கம்பனிகள் வழங்கிய தரவுகளைக் கொண்டு 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஒரு புதிய மருந்துக்கு 2.6 பில்லியன் டொலர் என்றது. ஆனால் அதில் ஏறத்தாழ 1.2 பில்லியன் கையால் செலவழித்த பணமன்று. முதலீடு நீண்டகாலம் முடங்கியதால் இழந்ததாகக் கணக்கிடப்பட்ட இலாபம். பகிரங்கத் தரவுகளைக் கொண்டு 2020இல் வெளியான இன்னோர் ஆய்வு, இடைநிலைச் செலவை ஒரு பில்லியனுக்குச் சற்றுக் குறைவாகவே கண்டது. ஆகவே செலவு அதிகம் என்பது உண்மை; எவ்வளவு அதிகம் என்பது கணக்கிடுபவரைப் பொறுத்தது.

விலையைத் தீர்மானிப்பது செலவு மட்டுமன்று. ஆக்கவுரிமை 20 ஆண்டுகள் வரை போட்டியைத் தடுத்து வைக்கிறது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் டிரஸ்டுசுமாபுக்கு ஒப்பான மாற்று மருந்தொன்றின் தரத்தை முதன்முறையாக அங்கீகரித்தபோது, மூல மருந்தின் சராசரிச் செலவு 20,000 டொலர் என்றும், மாற்று மருந்து பொதுவாக 65 சதவீதம் மலிவானது என்றும் தெரிவித்தது. போட்டி வந்ததும் விலை இறங்கியது.

இன்சுலினின் ஆக்கவுரிமையைப் பன்டிங், பெஸ்ட், கொலிப் ஆகிய மூவரும் 1923இல் தலா ஒரு டொலருக்கு ரொறன்ரோ பல்கலைக்கழகத்திடம் கையளித்தனர். எமது நாட்டில் பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, வர்த்தகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரால் மலிவாகக் கொள்வனவு செய்யும் வழியைக் காட்டினார்.

புதிய மருந்துகள் உருவாக முதலீடு வேண்டும். உருவானவை ஏழைக்கும் கிடைக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிக்க முடியாது. நாளை மருத்துவர்களாகவும் விஞ்ஞானிகளாகவும் சட்டத்தரணிகளாகவும் வரவிருக்கும் மாணவிகள், “மருந்து உண்டா?” என்பதோடு “அது யாருக்குக் கிடைக்கும்?” என்றும் கேட்கப் பழக வேண்டும்.