யானைக்கு மேலே ட்ரோன்: வரைபடத்தின் பச்சை போதுமா?

2023 மே 27 காலை, கம்பம் ஊருக்குள் அரிக்கொம்பன் வந்துவிட்டான். அரிசிக்காகக் கடைகளை உடைத்ததால் வந்த பெயர் அது. ஒரு மாதத்துக்கு முன் இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்ட அதே யானை. தெருக்களில் மிரண்டு ஓடி, ஒருவழியாக ஒரு தோப்பில் ஒதுங்கி நின்றபோது தலைக்கு மேல் ட்ரோன் இரைந்தது. யானை மறுபடி ஓடியது. வீடியோவுக்காக அதைப் பறக்கவிட்டவர் மீது காவல்துறை நடவடிக்கை எடுத்தது.

அவ்வளவு பெரிய உயிர் ஏன் இவ்வளவு சின்னக் கருவிக்கு மிரள வேண்டும்? இரைச்சல் தேனீக் கூட்டத்தை நினைவூட்டுவது ஒரு காரணமாக இருக்கலாம். தேனீச் சத்தம் கேட்டால் ஆப்பிரிக்க யானைகள் விலகி ஓடுவதைக் கென்யாவில் நடந்த ஆய்வு 2007இல் காட்டியது. தான்சானியாவில் பயிருக்குள் புகும் யானைகளை விரட்டவே ட்ரோன்களை அனுப்பியிருக்கிறார்கள். அங்கே எந்தப் பக்கம் விரட்டுவது என்று தெரிந்து செய்கிறார்கள். படமெடுக்க வந்தவருக்கு அது தெரியாது. யானை ஊருக்குள்ளும் ஓடலாம்.

யானைகள் நடமாடும் நெல்லியாம்பதிக்கோ மூணாறுக்கோ ட்ரோனோடு போகிறவர்கள், ட்ரோன் பறக்கும் இடங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சையைப் பார்த்ததும், 400 அடி வரை பறக்கலாம் என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி அது சரி. ஆனால் அந்தப் பச்சை வான்போக்குவரத்துக்கு மட்டும்தான்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனி. பறம்பிக்குளம், இரவிகுளம் போன்ற இடங்களில் படமெடுக்கவே வனத்துறை அனுமதி வேண்டும். வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவிகுளத்துக்குள் நடந்து வரும் பார்வையாளர்களைக்கூட விடுவதில்லை. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்தச் சட்டம் வேட்டை என்று சொல்லும்போது கொல்வதோடு பிடிப்பது, விரட்டுவது, அவற்றுக்கு முயல்வது எல்லாம் சேர்த்தி. காட்டுக்குள் என்ற நிபந்தனையும் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் நின்றாலும் கம்பத்துத் தோப்பில் நின்றாலும் யானை அந்தச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு பெற்ற முதல் அட்டவணை விலங்குதான். ட்ரோன் வாங்குகிற ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டியது வேட்டைக்கான இந்த வரையறையை என்பேன்.

பறக்கவிட்ட பிறகு யானை கண்ணில் பட்டால் கிட்டே கொண்டுபோகாதீர்கள், கீழே இறக்காதீர்கள். மேலே ஏற்றி, வந்த வழியே திருப்புங்கள். காதை விரித்து அசையாமல் நிற்கிறதென்றால், சத்தம் அதற்கு எட்டிவிட்டது.