திருவள்ளூரில் பிறந்த லான்சருக்கு சூப்பர்சார்ஜர்... ஆசை சரி, இன்ஜின் தாங்குமா?

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் சாலையில் இருக்கிறது திருப்பாச்சூர். 'பாசு' என்றால் மூங்கில். மூங்கில் காட்டில் வெளிப்பட்ட வாசீஸ்வரரைத் தரிசிக்க வருபவர்களால்தான் இந்த ஊருக்குப் பெயர். ஆனால், கார் பிரியர்களுக்கு இந்தச் சுற்றுவட்டாரம் என்றாலே நினைவுக்கு வருவது வேறொன்று... மிட்சுபிஷி லான்சர்!

பக்கத்தில் அதிகத்தூரில் இருக்கும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை, 1971-ல் மண் அள்ளும் இயந்திரங்கள் தயாரிக்கத் தொடங்கப்பட்டது. 1998-ல் ஜப்பானின் மிட்சுபிஷியோடு கைகோத்து லான்சரை இங்கிருந்து வெளியே அனுப்பியது. அதே காலகட்டத்தில்தான் பின்லாந்தின் டாமி மாக்கினென், லான்சர் எவல்யூஷனை ஓட்டி 1996 முதல் 1999 வரை தொடர்ந்து 4 முறை உலக ராலி சாம்பியன் ஆனார். டி.வி-யில் பனியிலும் புழுதியிலும் பறந்த காரின் அண்ணன் தம்பி நம்ம ஊர் ஷோரூமில் நின்றால் சும்மா இருப்பார்களா இளைஞர்கள்? லான்சருக்கு இங்கே தனி ரசிகர் கூட்டமே உருவானது.

ஒரு வித்தியாசம் உண்டு. எவல்யூஷனில் டர்போ இருந்தது. நம்ம ஊர் 1.5 லிட்டர் பெட்ரோல் லான்சரில் அது கிடையாது. பவர் சுமார் 85 குதிரைத்திறன்தான். 'அப்பா வாங்கிய காரை அப்படியே வெச்சுக்கணும், ஆனா இன்னும் கொஞ்சம் சீறணும்' என்று நினைப்பவர்கள் தேடிப்போகும் வழிகளில் ஒன்றுதான் சூப்பர்சார்ஜர்.

கொல்லன் பட்டறைத் துருத்திதான்!

கொல்லன் உலையில் கரி அதேதான். துருத்தியை வேகமாக அமுக்கினால் நெருப்பு சீறுகிறது. காரணம், கூடுதல் காற்று. இன்ஜினுக்கும் இதே கதைதான். அதிகக் காற்று உள்ளே போனால், அதற்கேற்ப அதிக பெட்ரோலை எரிக்கலாம். அதிக பவர் கிடைக்கும்.

டர்போவைச் சுழற்றுவது சைலன்ஸருக்குப் போகும் புகை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது இன்ஜினோடு இணைந்த பெல்ட். அதனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்த உடனே பலன் தெரியும். ஆனால், அதைச் சுழற்ற ஆகும் பவரையும் இன்ஜின்தான் தர வேண்டும்.

இது புது விஷயம் அல்ல. ரூட்ஸ் சகோதரர்கள் 1860-களில் அமெரிக்காவில் உருவாக்கிய காற்று ஊதும் இயந்திரம்தான் இதன் தாத்தா. 1921-ல் மெர்சிடிஸ், சூப்பர்சார்ஜர் பூட்டிய கார்களைக் காட்சிக்கு வைத்தது. 1923-ல் இத்தாலி கிராண்ட் ப்ரீயில் ஃபியட் 805 ஜெயித்தபோது, சூப்பர்சார்ஜர் கார் ஒன்று கிராண்ட் ப்ரீ வெல்வது அதுவே முதன்முறை.

எம்45 சொல்லும் கணக்கு

பழைய மினி கூப்பர் எஸ் காரில் வந்த ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், உலகம் முழுக்க இப்படிப்பட்ட வேலைகளுக்குத் தேடப்படும் பாகம். பெயரில் உள்ள 45, அது ஒரு சுற்றுக்குத் தள்ளும் காற்றின் அளவு. கன அங்குலத்தில் 45 என்றால், சுமார் 737 சிசி.

லான்சர் இன்ஜின் 1,468 சிசி. ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் 2 சுற்றுக்கு ஒருமுறைதான் அவ்வளவு காற்றை இழுக்கும். அதாவது, ஒரு சுற்றுக்கு 734 சிசி. இரண்டும் கிட்டத்தட்ட சமம்! இன்ஜினும் சூப்பர்சார்ஜரும் ஒரே வேகத்தில் சுற்றினால் பெரிய லாபம் இல்லை. இன்ஜின் பக்க புல்லி 135 மில்லிமீட்டர், சூப்பர்சார்ஜர் புல்லி 90 மில்லிமீட்டர் என்று வைத்தால், அது ஒன்றரை மடங்கு வேகத்தில் சுற்றும். இன்ஜின் விழுங்குவதைவிட அதிகக் காற்று வந்து குவியும். அந்த அழுத்தத்துக்குப் பெயர்தான் 'பூஸ்ட்'.

சாதாரணக் காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. அதன்மேல் 6 பி.எஸ்.ஐ பூஸ்ட் என்றால், காகிதக் கணக்கில் 40 சதவிகிதம் கூடுதல். சூடும் பெல்ட் இழுக்கும் பவரும் போக, 85 குதிரைத்திறன் 110-ஐத் தொட்டால் நல்ல வேலை என்று அர்த்தம்.

எங்கே இடிக்கிறது?

முதல் எதிரி, சூடு. சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு பம்பின் அடியைத் தொட்டால் சுடும் இல்லையா? அதேதான். வெயில் பட்டியலில் அடிக்கடி முன்வரிசையில் நிற்கும் திருத்தணி பக்கம், கோடையில் 40 டிகிரி காற்றை உள்ளே இழுத்து 6 பி.எஸ்.ஐ-க்கு அமுக்கினால், அது 100 டிகிரியை நெருங்கிவிடும். இன்டர்கூலர் வைத்துத் தணிக்காவிட்டால், ஸ்பார்க்கில் கிளம்பிய தீ வந்து சேரும்வரை மிச்ச பெட்ரோல் காத்திருக்காது, தானாகவே கண்டபடி எரியும். தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம் கேட்கும். அதுதான் 'நாக்கிங்'. கேட்டவுடன் காலை எடுக்க வேண்டும். அலட்சியப்படுத்தினால் பிஸ்டன் உடையும். ஏற்கெனவே உதிரிபாகம் தேடி அலையவைக்கும் பழைய காரில், அது லேசான செலவு இல்லை.

அதனால்தான் அனுபவசாலிகள் சூப்பர்சார்ஜர் வாங்குவதற்கு முன்பே 4 சிலிண்டர்களின் கம்ப்ரெஷனையும் சோதிக்கிறார்கள். ஒன்று மட்டும் குறைந்தாலும் முதலில் இன்ஜின் வேலை. ரேடியேட்டர், ஹெட் கேஸ்கெட், கிளட்ச், பிரேக் எல்லாம் அடுத்தடுத்து. பூட்டும்போது இரண்டு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் விலகினாலும் பெல்ட் கழன்று ஓடும்.

ட்யூனிங்தான் உயிர்

பூட்டுவது பாதி வேலை. கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். அதற்குப் பெரிய இன்ஜெக்டர், வலுவான பெட்ரோல் பம்ப், பூஸ்ட்டைப் படிக்கும் சென்சார், மாற்றி எழுதக்கூடிய இசியு எல்லாம் தேவை.

சுத்தமான பெட்ரோலில் 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது சரியான விகிதம். பூஸ்ட் ஏறும்போது இதை 12-க்கும் கீழே கொண்டுவருவார்கள். கூடுதல் பெட்ரோல், உள்ளே சூட்டையும் தணிக்கும். ஸ்பார்க் நேரத்தையும் தள்ளிப்போட வேண்டும். 1 பி.எஸ்.ஐ-க்கு 1 டிகிரி என்பது தொடக்கத்துக்கான பொதுக்கணக்கு. அதன்பிறகு டைனோ இயந்திரத்தில் காரை ஏற்றி, குறைந்த சுமையில் தொடங்கி, படிப்படியாக ஏற்றிப் பார்ப்பதுதான் முறை. நெடுஞ்சாலையில் விரட்டிப் பார்த்து ட்யூன் செய்வது, உயிரோடு விளையாடுவது.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலுக்கு இந்தக் கணக்கு இன்னும் மாறும். எத்தனால் கலந்ததால் சரியான விகிதமே சுமார் 13.5. எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் சக்தி அதிகம் என்பது நல்ல செய்தி. 25 வருட ரப்பர் குழாய்கள் அதைத் தாங்குமா என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். 15 வயது தாண்டிய கார், ஆர்.சி-யைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ முன்னால் போய் நிற்க வேண்டும். அங்கே பானெட்டைத் திறந்தால் தெரிந்துவிடும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கல் வரும். பாதிக்கப்படுவது ஓட்டியவர் மட்டுமல்ல, எதிரே வந்த குடும்பமும்தான்.

அப்படியென்றால் ஆசைக்கு வழியே இல்லையா? இருக்கிறது. இதே திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் 1950-களிலிருந்தே கார் பந்தயங்கள் நடந்தன. ட்யூன் செய்த ஃபியட்டையும் அம்பாசடரையும் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. பிறகு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்துவிட்டது. ஹெல்மெட், பாதுகாப்புக் கூண்டு, தயாராக நிற்கும் ஆம்புலன்ஸ்... இவையெல்லாம் இருக்கும் அப்படிப்பட்ட இடத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிய காரில் சூப்பர்சார்ஜரைப் பூட்டலாம். போட்டியில் இறங்க நினைப்பவர்கள், எந்தப் பிரிவில் என்ன மாற்றம் செல்லும் என்று எஃப்.எம்.எஸ்.சி.ஐ விதிமுறைகளைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுப்பது நல்லது.

லான்சர் பிறந்த ஆலையிலிருந்து இன்று சிட்ரோயன் கார்கள் வெளியே வருகின்றன. அங்கே இனி ஒரு லான்சர் தயாராகப்போவதில்லை. வீட்டு ஷெட்டில் ஒன்று இருந்தால், இந்த வாரம் ஒரு கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்து, பெட்ரோல் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். சூப்பர்சார்ஜர் பூட்டினாலும் பூட்டாவிட்டாலும், அந்த காருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்!